கறம்பக்குடியில் நான் துணை முதல்வர்

எங்கள் பள்ளிக்கு வேலை கேட்டு வருபவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். அதைப் பார்த்த பிறகும் திரும்பிப் போகாமல் உட்காருகிறார்கள் என்றால், நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

திருவரங்குளத்தைத் தாண்டி, ஆலங்குடி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வெற்றிச்சுடர் மெட்ரிக் மேல்நிலைப்பள்ளி. நான் அதன் ஆபீஸ் மேனேஜர். பெயர் இன்னாசி. படிப்பு எம்.எஸ்சி., எம்.எட். ஒன்பது வருடத்துக்கு முன்பு கணக்கு வாத்தியாராகத்தான் சேர்ந்தேன். ஒருநாள் என் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுத் தாளாளர் உடையப்பன் எட்டிப் பார்த்தார். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் கணக்கு நடக்கவில்லை என்று அர்த்தமாம். மறுநாளே என்னை ஆபீசில் உட்காரவைத்தார். "வேலைக்கு வர்றவங்க பயந்துபோய் வர்றாங்க. நீ நல்லாப் பேசுற. பேசி உக்கார வையி," என்றார்.

பேசி உட்காரவைப்பது என்றால் என்ன என்பதை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். சேருகிறவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி உள்ளே வைப்பது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தொடங்கி பி.எட். பட்டம் வரைக்கும் எல்லாம். சான்றிதழ் உள்ளே இருந்தால் ஆள் வேறு பள்ளிக்கு ஓட முடியாது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, வாத்தியாருக்கு மார்க் ஷீட்.

யாரும் லேசில் தரமாட்டார்கள். ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். நான் டீ வாங்கித் தருவேன். "ஒரு வாரம்தான், சரிபாத்துட்டுத் தந்துருவோம். வீட்டுல வச்சா கரையான் அரிச்சிரும். இங்க கரையானுக்கே இன்டர்வியூ வச்சுத்தான் உள்ள விடுவோம்," என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கும்போது கை இளகும். அந்த நேரத்தில் வாங்கிவிடுவேன். இப்படி முப்பத்திரண்டு பேரிடம் வாங்கியிருக்கிறேன். முதல் ஆள் நானே. எனக்கு யாரும் ஜோக்கூடச் சொல்லவில்லை, கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

தாளாளரின் இன்டர்வியூவிலேயே எல்லாம் தெரிந்துவிடும். வேலை நேரம் எத்தனை மணி வரை என்று கேட்டால், "நாம ஒரு குடும்பம்மா, குடும்பத்துல மணி பாப்பாங்களா," என்பார். நியமன உத்தரவு கேட்டால், "என் வாய் வார்த்தைதான் ஆர்டர்," என்பார். பெண்களிடம் கல்யாணம் எப்போது, ஆனவர்களிடம் குழந்தை எப்போது என்று கேட்பார். யாராவது எழுந்து போவார்களா என்று ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று பார்ப்பேன். ஒன்பது வருடத்தில் ஒரே ஒருத்தர் போனார். அவரும் விராலிமலைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்றுதான் போனார்.

நான்கு வருடத்துக்கு முன்பு அப்படி எழுந்து போகாமல் உட்கார்ந்தவள் அன்புமொழி. பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறாள். பக்கத்து ஊர்ப் பெண். தினமும் மொபெட்டில் வருவாள். போன திங்கட்கிழமை காலை முதல் பீரியடுக்கு முன்னால் தாளாளர் அறைக்குள் போனாள். நானும் பின்னாடியே போனேன். உள்ளே யார் போனாலும் நான் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு, சாட்சிக்கு.

"அய்யா, கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர் பரீட்சையில பாஸாயிட்டேன். வியாழக்கிழமை திருச்சியில சர்ட்டிபிகேட் வெரிபிகேசன். ஒரிஜினல் வேணும்ங்கய்யா."

தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். "பரீட்சை எப்ப எழுதுன?"

"லீவு நாள்லதாங்கய்யா. மூணாவது தடவை."

"நான் ஒனக்கு அப்பா மாதிரி. அப்பன்ட்டச் சொல்லாம எழுதியிருக்க."

"எங்க அப்பாட்டச் சொல்லிட்டுத்தாங்கய்யா எழுதுனேன். அவரு நல்லா எழுதுன்னாரு."

தாளாளர் முகம் கறுத்தது. "பிளஸ் டூ பரீட்சை முடியட்டும். ஏப்ரல் கடைசியில வா, பாப்போம்."

"வியாழக்கிழமை ஒரிஜினல் காட்டலன்னா லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துருவாங்கய்யா."

"எடுத்தா எடுக்கட்டும். இங்கயே இரு. ஒன்னையப் போகச் சொல்லி யாரு கழுத்தப் புடிச்சுத் தள்ளுனா? சோறு போட்ட எடத்துக்குத் துரோகம் பண்ணிட்டுப் போறவளுக்கு நான் ஆரத்தி எடுக்கணுமா? என்ன இன்னாசி, நான் சொல்றது சரிதான?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று ராத்திரி படுக்கையில் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே பிரமாதமாக இருந்தன. ஆனால் அந்த அறையில் நான் சொன்னது, "சரிதாங்கய்யா."

வராந்தாவில் அன்புமொழி என்னை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்கதான சார் வாங்குனீங்க. ஒரு வாரம்னீங்க. கரையான் ஜோக் சொன்னீங்க. நானும் சிரிச்சேன். நாலு வருசமா அத நெனச்சா எனக்கே என் மேல வெறுப்பா இருக்கு சார்."

பெல் அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள். என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. ஜோக் வராத இன்னாசி என்பது ரொட்டி இல்லாத பேக்கரி மாதிரி. கண்ணாடி அலமாரி மட்டும்தான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து கட்டட உறுதிச் சான்று கேட்டார்கள். தாளாளர் வெளியே ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்ததால் பீரோ சாவியை என் கையில் கொடுத்து, "நடுத் தட்டுல இருக்கும், எடுத்துட்டு வா," என்றார். நடுத் தட்டில் இருந்தது. கீழ்த் தட்டில் எங்கள் சான்றிதழ் கவர்கள் இருந்தன. எல்லாம் என் கையெழுத்தில் பெயர் எழுதிய கவர்கள். அன்புமொழி கவரை உருவினேன். காற்றாக இருந்தது. உள்ளே ஒரு செராக்ஸ், அதில் குத்தியிருந்த துண்டுச் சீட்டு: 'கறம்பக்குடி போயிருக்கு.'

உடற்கல்வி ஆசிரியர் கோபிநாத் கவரும் காற்றாக இருந்தது. அதே சீட்டு. மூன்றாவதாக என் கவர். அதிலும் அதே சீட்டு. மற்ற இருபத்தொன்பது கவர்களும் கனமாகத்தான் இருந்தன. ஒன்பது வருடமாக நான் இந்த ஊரை விட்டு நகரவில்லை, என் எம்.எட். மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கறம்பக்குடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தாளாளரின் மைத்துனர் அருள்மணி அங்கே புதிதாக ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் நடத்துகிறார். அங்கீகாரம் வாங்க, தகுதியுள்ள ஆசிரியர்களைக் காட்ட வேண்டும். ஆசிரியர்களைக் காட்டச் செலவாகும். சான்றிதழைக் காட்ட ஒரு மஞ்சள் பை போதும்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "எல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார் தாளாளர்.

"பத்திரமா இருக்குங்கய்யா," என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டுக் கறம்பக்குடி பஸ் ஏறினேன். அங்கே போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அருள்மணியின் காலில் விழலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை, அவர் தஞ்சாவூருக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்.

ஸ்கூல் கட்டடத்துக்கு ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் செங்கல். வரவேற்பறைச் சுவரில் ஆசிரியர்களின் படங்களை ஒட்டிய பெரிய பலகை. மேலிருந்து இரண்டாவது படத்தில் நான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய நான். நெற்றி இருந்த இடத்தில் முடி இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'துணை முதல்வர்.' நான்கு படம் தள்ளி அன்புமொழி: 'முதுகலை ஆசிரியர், வேதியியல்.'

உதவியாளர் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், துடைப்பத்தோடு வந்தார். அவர் பெயர் ஆரோக்கியம்மாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"யாரப் பாக்கணும்?"

நான் பலகையில் என் படத்தைக் காட்டினேன். "இவர."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். "அட, வைஸ் பிரின்சிபால் சாரா. முடி ரொம்பப் போயிருச்சே."

"வேலை அதிகம்மா."

"எங்கிட்டு? ரெண்டு வருசமா ஒங்களுக்கு நாந்தான கையெழுத்துப் போடுறேன். ஒருநா லீவு போட்டதில்ல நீங்க. ஒங்கள மாதிரி ஆளு இந்த ஸ்கூல்ல கெடையாது."

உள்ளே போய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். ஒவ்வொரு நாளும் 'இன்னாசி', 'இன்னாசி' என்று முத்து முத்தாக. "அந்த வேதியியல் புள்ளைக்குச் சாச்சுப் போடுவேன். ஒங்களுக்கு நிமித்திப் போடுவேன். பி.டி. வாத்தியாருக்கு மட்டும் அந்த இழுவை சரியா வராது, அதுக்குத்தான் கஷ்டப்படுறேன்."

"ஏம்மா, இது தப்புன்னு ஒங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு. அருள்மணி அய்யாட்டச் சொன்னேன். கூட்டுறதோட சேத்து இதையும் செய்யின்னாரு." துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "நான் சேந்தப்ப எட்டாவது சர்ட்டிபிகேட் கேட்டாரு. நான் அஞ்சோட நின்னவ, அதுகூட வீட்டுல இல்ல. இருக்கறதக் குடு, ஏதாச்சும் ஒண்ணு ஒரிஜினலா உள்ள இருக்கணும்னாரு. எம்புருசன் எறந்த சர்ட்டிபிகேட்தான் இருந்துச்சு. அதக் குடுத்தேன். இப்ப விதவைப் பென்சனுக்கு அதக் கேக்குறாங்க. இவரு தரமாட்டேங்குறாரு. தந்தா வேலைய விட்டுட்டுப் போயிருவேனாம்."

அவர் இதைச் சொன்னது வெயில் அதிகம் என்று சொல்லுகிற குரலில். எனக்குத்தான் காதெல்லாம் சூடானது. ஒரு மனிதர் செத்துப்போனதற்கான தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, அவர் பெண்டாட்டியைக் கூட்டவைக்கிறார்கள். இந்த யோசனை கறம்பக்குடியில் முளைத்ததில்லை. மூலம் எங்கள் பள்ளி. அங்கே அதைச் சிரிக்கச் சிரிக்க நடத்திக் காட்டியவன் நான்.

"ஆரோக்கியம்மா, பீரோ சாவி யார்ட்ட இருக்கு?"

"எங்கிட்டதான். தூசி தட்டணும்ல."

"தெறங்க."

"யாரு சொல்லித் தெறக்குறதாம்?"

"துணை முதல்வர் சொல்றேன்."

அவர் பலகையில் இருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "வெளாட்டுக்குச் சொல்றீங்களா, நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எங்கள் மூன்று பேர் சான்றிதழ்களையும் நான் எடுத்துக்கொண்டேன். அடியிலிருந்து ஒரு பழுப்புத் தாளை உருவி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு நோட்டை நீட்டினார். பீரோவிலிருந்து எது வெளியே போனாலும் அதில் எழுத வேண்டுமாம். எடுத்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இது ஒங்க கையெழுத்து மாதிரியே இல்லையே சார். குடுங்க, நான் போடுறேன்."

"இருக்கட்டும்மா. இதுதான் என்னுது."

சாயங்காலம் திரும்பும் வழியில் கோபிநாத் வீட்டில் இறங்கிக் கவரை நீட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பழைய எடத்துலயே வச்சிருங்க சார். அய்யா கேட்டா நான் எடுக்கலன்னு சத்தியம் பண்ணணும்ல." ஐம்பது கிலோ எடையைத் தூக்குகிறவர், ஐம்பது கிராம் கவரைத் தொடப் பயந்தார். அவரைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. அவர் வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா மறுபேச்சு இல்லாமல் வாங்கி அரிசி டின்னில் போட்டு மூடினார்.

அங்கிருந்து அன்புமொழி வீட்டுக்குப் போனேன். அவள் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை எண்ணினாள். கறம்பக்குடிக் கதையை முழுக்கக் கேட்டும் அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குத் தொணைக்கு வாரேன்," என்றேன். உண்மையில் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை திருச்சியில் அந்த வராந்தா முழுக்க ஃபைலை நெஞ்சோடு அணைத்த ஆசிரியர்கள். பத்தரை மணிக்கு அன்புமொழியைக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், இதோட பின்பக்கத்தப் பாத்தீங்களா?"

எம்.எஸ்சி. பட்டத்தின் பின்பக்கம் வட்டமாக ஒரு ஊதா முத்திரை. கறம்பக்குடி ஸ்கூலின் பெயர். 'இப்பள்ளியின் முதுகலை ஆசிரியர். ஆய்வுக்குக் காட்டப்பட்டது.' தேதி, கையெழுத்து. நான் எடுத்த அவசரத்தில் பின்பக்கம் பார்க்கவில்லை.

"விண்ணப்பத்துல ஒரு ஸ்கூல், பட்டத்துல வேற ஸ்கூல், எத மறைச்சீங்கன்னு கேக்குறாங்க. பன்னெண்டு மணிக்குள்ள வெளக்கம் எழுத்துல வேணுமாம். பொறுப்பான ஆளு யாராச்சும் குடுக்கணுமாம். இல்லன்னா அவ்வளவுதான்." கடைசி வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது.

உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி.

"நீங்க யாரு?"

"அந்தக் கறம்பக்குடி ஸ்கூலோட துணை முதல்வர் மேடம். ஆனா அந்த ஸ்கூல நான் முதமுதலாப் பாத்ததே நேத்துத்தான்."

அவர் பேனாவை மூடினார். "இங்க இன்னும் நாப்பது பேர் நிக்கிறாங்க. கதை வேண்டாம். நடந்தத எழுதிக் குடுங்க."

வெள்ளைத் தாள் கொடுத்தார். எழுத உட்கார்ந்தபோது பாக்கெட்டில் போன் துடித்தது. தாளாளர். நான்கு தடவை அடித்து நின்றது. முதல் வரியை எழுதிப் படித்துப் பார்த்தேன், அதிலும் கரையான் ஜோக் வந்திருந்தது. தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி எழுதினேன்.

இந்தப் பெண்ணின் சான்றிதழ்களை வாங்கியது நான். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் அவை வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டன. அந்தப் பள்ளியில் அவர் ஒருநாளும் வேலை பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் கையெழுத்தை வேறொருவரைக் கட்டாயப்படுத்திப் போடவைத்திருக்கிறார்கள். இன்னும் இருபத்தொன்பது பேரின் சான்றிதழ்கள் எங்கள் பள்ளி பீரோவில் இருக்கின்றன.

அதிகாரி நிதானமாகப் படித்தார். என் எம்.எட். பட்டத்தையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகிலும் அதே ஊதா முத்திரை.

"இதுல கையெழுத்துப் போட்டா நீங்க அந்த எடத்துல வேலை பாக்க முடியாது. ஒங்க மேலயும் விசாரணை வரும். புரியுதா?"

"புரியுது மேடம்."

போட்டேன். ஆரோக்கியம்மாள் அளவுக்கு அழகில்லை. அதிகாரி அதை அன்புமொழியின் காகிதங்களோடு சேர்த்துக் குத்தினார். நீளமான பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே டிக் அடித்தார். "நீங்க போகலாம்மா. சார், நீங்க இருங்க. இதுக்குத் தனியா ஒரு புகார் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"எங்கடா இருக்க?" ஒன்பது வருடத்தில் தாளாளர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "கறம்பக்குடி பீரோவுல கைய வச்சிருக்க. திருட்டுக் கேஸ் குடுத்து ஒன்னைய உள்ள தள்ளல, எம்பேரு உடையப்பன் இல்ல."

"குடுங்கய்யா. ஆனா ஸ்டேசன்ல என்ன காணாமப் போச்சுன்னு கேப்பாங்க. அடுத்தவங்க சர்ட்டிபிகேட்ட நான் ஒளிச்சு வச்சிருந்தேன், அத அவங்களே வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதுங்க. நானும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். சாட்சிக்கு நிக்கிறது எனக்குப் பழக்கந்தான."

முதல் தடவையாக நான் முந்திக்கொண்டு போனை வைத்தேன். உடனே அதை ஆஃப் பண்ணியும் விட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். வீரன் மாதிரியெல்லாம் ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். புதுக்கோட்டை பஸ் பக்கத்தில் வந்ததும் அன்புமொழி நின்றாள்.

"சார், நீங்க இன்னைக்குச் செஞ்சதுக்கு நன்றி சொல்லணும்னு தெரியுது. ஆனா கோவம் இன்னும் போகல சார். ஒங்க மேலயுந்தான்."

"போக வேணாம்மா."

பஸ்ஸில் கூட்டம். படியில் மூன்று பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு கையில் ஃபைலை வைத்துக்கொண்டு அவளால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. "குடுங்கம்மா, நான் வச்சுக்கிறேன், நீங்க ஏறுங்க," என்று கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள்.

"வேணாம் சார்," என்றாள். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தடுமாறி, தானே ஏறினாள். நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறினேன்.